எண்ணும் இயந்திரம் – 9: அட்டை பிடித்த பிள்ளைகள்

1956 ஜனவரி. பிட்ஸ்பர்க் நகரத்தில் அந்த மாதம் மாலை ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடும். அப்படி இருட்டிய ஒரு மாலையில் ஹெர்பர்ட் சைமன் தன் மனைவி டோரத்தியாவையும் மூன்று பிள்ளைகளையும் தான் வேலை பார்த்த கார்னகி தொழில்நுட்பக் கல்லூரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். பிள்ளைகளுக்கு வயது 13, 11, 9. ஆராய்ச்சி மாணவர்கள் சிலரும் வந்திருந்தார்கள். ஆளுக்கொரு அட்டை கொடுக்கப்பட்டது.

ஓர் அட்டைக்கு ஒரு வேலை. சிலருக்கு அதுவும் கிடையாது. தன்னிடம் உள்ள சூத்திரத்தைக் கேட்கும்போது சொன்னால் போதும். மேல்நிலையில் இருப்பவர் கூப்பிட்டால் அட்டையில் உள்ளதைச் செய்ய வேண்டும். முடித்ததும் கூப்பிட்டவரிடமே விடையைக் கொடுத்துவிட வேண்டும். கூப்பிடாதவரை சும்மா இருக்க வேண்டும். ஒன்பது வயதுக்கு இது நல்ல விளையாட்டு.

அங்கே ஓடிக்கொண்டிருந்தது ஒரு கணினி நிரல். கணினிதான் இல்லை. கணினியின் உறுப்புகளாக ஒரு குடும்பமும் சில மாணவர்களும் உட்கார்ந்திருந்தார்கள். கடைக்குட்டிக்குத் தர்க்கவியல் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. அட்டைகள் சொன்னபடி வேலை கைமாறிக் கைமாறிப் போனதில், கணிதத் தர்க்கத் தேற்றம் ஒன்றுக்கு நிரூபணம் தேடும் காரியம் நடந்தது. தேடியது யார் என்று கேட்டால் யாரைக் காட்டுவது? அறையையா?

சென்ற இரண்டு வாரங்களும் வாரன் மெக்கல்லக், வால்ட்டர் பிட்ஸ் இருவரையும் பார்த்தோம். 1943இல் நரம்பணுவைத் தர்க்கச் சுவிட்சாக வரைந்தவர்கள். மூளையின் சதையிலிருந்து தொடங்கி மேலே ஏறப் பார்த்தார்கள். இந்த வாரம் வருகிறவர்கள் நரம்பணுவைத் தொடவே இல்லை. மனிதன் ஒரு சிக்கலை எதிர்கொள்ளும்போது என்ன செய்கிறான் என்று மேலேயிருந்து பார்த்தார்கள். இரு தரப்புக்கும் பொதுவாக இருந்தது ஒரு புத்தகம்: ரஸ்ஸலும் வைட்ஹெட்டும் 1910 முதல் 1913 வரை மூன்று தொகுதிகளாக வெளியிட்ட ‘பிரின்சிபியா மாத்தமேட்டிகா’.

சைமன் அரசியல் அறிவியல் படித்தவர். 1916இல் மில்வாக்கியில் பிறந்து சிகாகோவில் படித்தார். மாணவராக இருக்கும்போதே சொந்த ஊர் விளையாட்டு மைதானங்களின் நிர்வாகத்தை ஆராயப் போனார். மைதானத்தைப் பராமரிப்பது பொதுப்பணித் துறை. பிள்ளைகளை விளையாட வைக்க ஆள் போடுவது பள்ளி வாரியம். இருப்பதோ ஒரே பணம். மைதானத்தைச் சீர் செய்வதா, ஆள் போடுவதா? பொருளாதாரப் பாடப்புத்தகப்படி இரண்டிலும் கடைசிக் காசு தரும் பயனை ஒப்பிட்டு முடிவெடுக்க வேண்டும். அங்கே ஒருவரும் அப்படிக் கணக்குப் பார்க்கவில்லை. அவரவர் துறைக்கு எது கண்ணில் பட்டதோ அதை வைத்து வாதாடினார்கள்.

சைமனின் ஆயுட்கால வேலையே இந்த ஒரு கவனிப்பிலிருந்து கிளம்பியதுதான். மனிதனால் எல்லாவற்றையும் அலசிச் சிறந்ததைத் தேர்ந்தெடுக்க முடியாது. நேரம் இல்லை, தகவல் இல்லை, அத்தனையையும் தலையில் தாங்கும் இடமும் இல்லை. ‘இது போதும்’ என்று தோன்றியவுடன் நிறுத்திவிடுகிறான். வரன் பார்க்கிறவர்கள் ஊரிலுள்ள எல்லா ஜாதகத்தையும் பார்த்துவிட்டா முடிவு செய்கிறார்கள்? இதைச் சொன்னதற்குத்தான் 1978இல் அவருக்குப் பொருளாதார நோபல் கிடைத்தது. பொருளாதார அறிஞர்கள் பலருக்கு அது அவ்வளவாகச் சீரணமாகவில்லை என்பது வேறு கதை.

மற்றவர் ஆலன் நியூவெல், சைமனைவிட 11 வயது இளையவர். ஸ்டான்ஃபோர்டில் இயற்பியல் படிக்கும்போது ஜார்ஜ் போல்யாவின் வகுப்பில் உட்கார்ந்தவர். கணக்கைத் தீர்ப்பதைவிட, தீராத கணக்கை எப்படி அணுகுவது என்று சொல்லிக்கொடுத்த ஆசிரியர் போல்யா. பிறகு நியூவெல் பிரின்ஸ்டனில் ஓராண்டு கணிதம் படித்துவிட்டு, அது ஒத்துவராமல் 1950இல் கலிஃபோர்னியாவின் சான்டா மோனிகாவிலிருந்த ராண்ட் ஆய்வு நிறுவனத்துக்குப் போனார். பனிப்போர்க் காலம். எதிரி விமானம் வந்தால் ராடார் நிலையத்தில் இருப்பவர்கள் எப்படிக் கூடி முடிவெடுக்கிறார்கள் என்று ஆராய, ஒரு போலி நிலையத்தையே அங்கே கட்டியிருந்தார்கள். நிஜ ராடாருக்குப் பதிலாக, விமானங்கள் இருக்குமிடத்தைக் காட்டும் படங்களைக் கணக்குப் பொறி ஒன்று அச்சடித்துத் தந்தது. 1952இல் ஆலோசகராக அங்கே போன சைமனின் கண்ணில் பட்டது அந்த அச்சுத்தாள்தான்.

தமிழில் எண்ணுதல் என்றால் கணக்கிடுவதும் உண்டு, நினைப்பதும் உண்டு. ஒரே சொல். ஆங்கிலம் பேசிய பொறியாளர்களுக்கு அந்த வசதி இல்லை. அவர்களைப் பொறுத்தவரை கணினி என்பது கூட்டிப் பெருக்கும் பொறி. ஆனால் அந்தத் தாளில் இருந்தவை விடை எண்கள் அல்ல. ‘இங்கே ஒரு விமானம்’ என்று சொல்லும் குறிகள். குறியைக் கையாள முடிந்த பொறி எண்ணோடு மட்டும் ஏன் நின்றுவிட வேண்டும்? நம் தொடரின் தலைப்பு அந்தத் தாளுக்குப் பொருந்துவதுபோல வேறெதற்கும் பொருந்தாது.

1954 செப்டம்பரில் எம்.ஐ.டி.யின் லிங்கன் ஆய்வகத்திலிருந்து ஆலிவர் செல்ஃப்ரிட்ஜ் ராண்டுக்கு வந்து, வடிவங்களை அடையாளம் காணும் நிரல் பற்றிப் பேசினார். ஒரே பிற்பகலில் தன் வாழ்க்கையின் திசை மாறியதாக நியூவெல் பின்னாளில் சொல்லியிருக்கிறார். அடுத்த ஆண்டே ராண்டின் சம்பளத்தை வாங்கிக்கொண்டு பிட்ஸ்பர்க்கில் சைமனிடம் வந்து சேர்ந்தார். முதலில் சதுரங்கம் ஆடும் நிரல் எழுத நினைத்தார்கள். பிறகு வடிவியல் தேற்றங்களை எடுத்தார்கள். அதற்குப் படம் வரைய வேண்டும், படத்தைப் பொறிக்குள் எப்படிக் கொண்டுபோவது? விட்டுவிட்டார்கள். கடைசியில் ‘பிரின்சிபியா’வின் தர்க்கத் தேற்றங்களைப் பிடித்ததற்குப் பெரிய தத்துவக் காரணம் ஏதுமில்லை. அந்தப் புத்தகம் சைமன் வீட்டு அலமாரியில் இருந்தது.

1955 டிசம்பர் 15 அன்று, நிரலின் விதிகளைத் தானே ஒரு பொறிபோல் பின்பற்றி, காகிதத்தில் ஒரு தேற்றத்தின் நிரூபணத்தை சைமன் எட்டினார். அந்த நாளைத்தான் அவர் பிறந்த நாளாகக் கொண்டாடிவந்தார், நிரலின் பிறந்த நாளாக. விடுமுறை முடிந்து வகுப்புக்கு வந்தவர், கிறிஸ்துமஸ் சமயத்தில் தானும் நியூவெலும் சிந்திக்கும் இயந்திரம் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டதாக மாணவர்களிடம் சாவகாசமாக அறிவித்தார். அந்த வகுப்பில் எட்வர்ட் ஃபைகன்பாம் என்ற மாணவர் இருந்தார். இயந்திரம் என்றால் என்ன என்று கேட்டவர்களுக்கு சைமன் ஐ.பி.எம். 701 கணினியின் கையேட்டைக் கொடுத்தார். ஃபைகன்பாம் அதை வீட்டுக்குக் கொண்டுபோய் விடிய விடியப் படித்தார். செயற்கை நுண்ணறிவின் அடுத்த தலைமுறையில் அவர் பெயர் பெரிதாக வரும், அப்போது பார்ப்போம்.

நிரலின் பெயர் லாஜிக் தியரிஸ்ட். அது என்ன செய்தது என்பதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்த்தால்தான் இந்த ஆட்களின் துணிச்சல் புரியும்.

தேற்றத்தை நிரூபிக்க ஒரு முரட்டு வழி உண்டு. அடிப்படை விதிகளிலிருந்து என்னென்ன வருமோ அத்தனையையும் வரிசையாக எழுதிக்கொண்டே போவது. வேண்டியது ஒருநாள் வந்தே தீரும். குரங்குகளைத் தட்டச்சுப் பொறி முன்னால் உட்கார வைத்தால் காலப்போக்கில் பிரிட்டிஷ் மியூசியத்து நூல்கள் எல்லாம் வந்துவிடும் என்ற பழைய வேடிக்கையை வைத்து, இதற்கு பிரிட்டிஷ் மியூசிய வழி என்று பெயர் வைத்தார்கள். வழி தவறில்லை. ஆனால் ஆயுள் போதாது.

கல்யாண வீட்டுக்கே மறுபடி போவோம். காலை ஆறரைக்கு முகூர்த்தம். நேற்றிரவிலிருந்து முன்னோக்கி யாரும் கணக்குப் போடுவதில்லை. ஆறரைக்குத் தாலி என்றால் ஆறுக்கெல்லாம் பெண் மணவறையில் இருக்க வேண்டும், அப்படியென்றால் நாலரைக்கு அலங்காரம் தொடங்க வேண்டும், அப்படியென்றால் மூன்றரைக்கு எழுப்ப வேண்டும் என்று பின்னாலிருந்துதான் வருகிறோம். லாஜிக் தியரிஸ்டும் அப்படித்தான். நிரூபிக்க வேண்டிய வாக்கியத்தை எடுத்து, இது கிடைக்க எது போதும் என்று கேட்கும். அது புது இலக்கு. அதற்கு எது போதும்? இப்படி இறங்கி இறங்கி, ஏற்கெனவே தெரிந்த ஒன்றில் போய் முட்டினால் வேலை முடிந்தது. கண்டதையும் தொடாமல், ஜாடை ஒத்த சூத்திரத்தை மட்டும் கையில் எடுக்கும். ஜாடை பார்ப்பது தவறலாம். தவறினால் வேறொன்று.

‘பிரின்சிபியா’வின் இரண்டாம் அத்தியாயத்தில் முதல் தேற்றம், எண் 2.01. ‘ப உண்மையானால் ப பொய்யாகிவிடும் என்றால், ப பொய்தான்.’ தன் வாயால் கெடுகிற கூற்று கெட்டதுதான் என்பதன் தர்க்கவடிவம். நிரல் ஜாடை தேடுகிறது. கையிலுள்ள அடிப்படை விதிகளில் ஒன்று: ‘க அல்லது க’ என்றால் க. மழை வரும் அல்லது மழை வரும் என்றால், மழை வரும், குழந்தைக்கும் தெரியும். இதில் க இருக்குமிடமெல்லாம் ‘ப இல்லை’ என்று போடு. ‘ப இல்லை அல்லது ப இல்லை’ என்றால் ப இல்லை. இன்னும் ஒரே ஓர் அடி. ‘சத்தம் போடாதே, அல்லது வெளியே போ’ என்பதும் ‘சத்தம் போட்டால் வெளியே போ’ என்பதும் ஒன்றுதானே? அதேபோல ‘ப இல்லை அல்லது ப இல்லை’ என்பதை ‘ப என்றால் ப இல்லை’ என்று மாற்றலாம். மாற்றினால் கைக்கு வந்து நிற்பது 2.01. அவ்வளவுதான் நிரூபணம். பிட்ஸ்பர்க் குடும்பம் அட்டை அட்டையாகக் கைமாற்றியது இப்படிப்பட்ட அடிகளைத்தான்.

இதை இயந்திரத்தில் ஏற்றியவர் மூன்றாமவர், கிளிஃப் ஷா. பாராட்டுப் பட்டியலில் பெயர் கடைசியில் வந்து, பல நேரம் விட்டும் போய்விடுகிற மனிதர். ராண்டின் நிரலாளர். அங்கிருந்த ஜானியாக் கணினிக்கு 4,096 சொற்கள் கொள்ளும் நினைவகம். இன்று ஒரு கைபேசிப் படத்துக்குக் காணாது. நிரூபணம் தேடும்போது பட்டியல்கள் எவ்வளவு நீளும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. அடுத்தடுத்த அறைகளை ஒதுக்கி வைத்தால் இடம் பாழ். ஷாவும் நியூவெலும் சைமனும் கண்ட வழி, ஒவ்வொரு துண்டும் ‘என் அடுத்த துண்டு இந்த அறையில் இருக்கிறது’ என்று ஒரு முகவரியைத் தன்னோடு வைத்துக்கொள்வது. சங்கிலிப் பட்டியல் என்று இன்று கணினி மாணவர்கள் முதலாண்டிலேயே படிப்பது இதைத்தான். மனத்தில் ஒரு நினைவு இன்னொன்றை இழுத்துவருவதை மாதிரியாக வைத்துச் செய்த ஏற்பாடு, உலகத்து நிரல்களுக்கெல்லாம் பொதுச் சொத்தாகிவிட்டது.

1956 ஆகஸ்டில் ஜானியாக் தன் முதல் நிரூபணத்தைத் தந்தது. அதே கோடையில் டார்ட்மத் கல்லூரியில் ஜான் மெக்கார்த்தியும் நண்பர்களும் கூட்டிய புகழ்பெற்ற சந்திப்பு. ‘செயற்கை நுண்ணறிவு’ என்ற பெயர் அந்தச் சந்திப்புக்காக மெக்கார்த்தி வைத்தது. சைமனுக்கும் நியூவெலுக்கும் அந்தப் பெயர் பிடிக்கவில்லை. மற்றவர்கள் யோசனைகளோடு வந்த இடத்துக்கு இவர்கள் நிரலோடு வந்திருந்தார்கள். ஒரு வாரம்போல் இருந்துவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். எனக்கென்னவோ டார்ட்மத்தைவிட செப்டம்பர் 11தான் முக்கியமாகப் படுகிறது. அன்று எம்.ஐ.டி.யில் ஒரே நாளில் நியூவெலும் சைமனும் லாஜிக் தியரிஸ்டை விளக்கினார்கள், நோம் சோம்ஸ்கி மொழிக்கான மூன்று மாதிரிகளைப் பற்றிப் பேசினார், உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் குறுகியகால நினைவின் கொள்ளளவைப் பற்றிப் பேசினார். அறிதிறன் அறிவியல் பிறந்த தேதி என்று மில்லர் பிற்பாடு அந்த நாளைத்தான் குறிப்பிட்டார். அமெரிக்க உளவியல் துறையில் ‘மனம்’ என்ற சொல்லையே கெட்ட வார்த்தைபோல் ஒதுக்கிவைத்திருந்த காலம் அது. எலி மிதிக்கிற நெம்புகோல் கண்ணுக்குத் தெரிகிறது, மனம் தெரியவில்லை என்பது அவர்கள் வாதம். இப்போது மனம் செய்வதாக நாம் சொல்லும் ஒன்றை வரிவரியாக எழுதி அச்சடித்துக் காட்ட ஆள் வந்துவிட்டது.

இரண்டாம் அத்தியாயத்தின் முதல் 52 தேற்றங்களில் 38ஐ லாஜிக் தியரிஸ்ட் நிரூபித்தது. சிலவற்றுக்குச் சில விநாடிகள், சிலவற்றுக்குப் பல நிமிடங்கள். 2.31இல் மட்டும் 23 நிமிடம் முட்டிமோதி, இனி முடியாது என்று கைவிரித்தது. தேற்றம் 2.85க்கோ ரஸ்ஸலும் வைட்ஹெட்டும் கொடுத்ததைவிடச் சுருக்கமான நிரூபணம் கிடைத்தது. அதைக் கட்டுரையாக்கி, நிரலின் பெயரையும் ஆசிரியர்களில் ஒருவராகச் சேர்த்து, குறியீட்டுத் தர்க்கத்துக்கான ஆய்விதழுக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்துவிட்டது.

ரஸ்ஸலுக்கும் எழுதினார் சைமன். அவருக்கு அப்போது 84 வயது. பதில் 1956 நவம்பரில் வந்தது. ‘பிரின்சிபியா’வை இயந்திரமே செய்யும் என்பது தெரிந்ததில் மகிழ்ச்சி, இது முன்னமே தெரிந்திருந்தால் தானும் வைட்ஹெட்டும் பத்தாண்டுகளைக் கையால் எழுதி வீணடித்திருக்க வேண்டாமே என்று கிழவர் குறும்பாக எழுதியிருந்தார். மறு ஆண்டு 2.85 பற்றித் தெரிவித்தபோது, இதைப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் இருப்பது நல்லது என்று சைமன் விளையாட்டாக எழுத, ரஸ்ஸலும் அதை ஆமோதித்தார்.

இங்கேதான் ஒரு சீனத் தர்க்கவியலாளர் வந்து விளையாட்டைக் கலைத்தார். ஹாவ் வாங். 1958 கோடையில் ஐ.பி.எம். 704இல் அவர் எழுதிய நிரல், ‘பிரின்சிபியா’வின் 200க்கும் மேற்பட்ட தேற்றங்களை 37 நிமிடத்தில் முடித்தது. அந்த 37இலும் பெரும்பகுதி அட்டைகளைப் படிக்கவும் அச்சடிக்கவும் போன நேரம்; நிரூபணத்துக்கு மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. 38 எங்கே, 200 எங்கே? 2.31இல் திணறிய நிரலை வைத்துக்கொண்டா இத்தனை ஆர்ப்பாட்டம்?

வாங் சொன்னது முழுக்க நியாயம். ஆனால் அவர் வேறு ஊருக்குப் போகிற வண்டியில் ஏறியிருந்தார். அவருக்கு வேண்டியது நிரூபணம். சைமனுக்கும் நியூவெலுக்கும் வேண்டியது, நிரூபணம் தேடுகிற மனிதன். அவன் தடுமாறுகிற இடத்தில் நிரலும் தடுமாற வேண்டும், அவன் போகிற தப்பு வழியில் அதுவும் போக வேண்டும். வேகமாகத் தீர்ப்பது ஒரு துறை, மனிதனைப்போல் தீர்ப்பது இன்னொரு துறை. இரண்டுக்கும் ஒரே பெயரை ஒட்டி வைத்ததால்தான் எழுபது ஆண்டுகளாகச் சண்டை ஓயவில்லை.

மனிதனைப்போல் என்றால், மனிதன் என்ன செய்கிறான் என்று முதலில் தெரிய வேண்டும். நியூவெலும் சைமனும் கல்லூரி மாணவர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்து, கணக்கைக் கொடுத்து, தோன்றுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லச் சொன்னார்கள். ஒலிநாடாவில் பதிந்து, பேச்சை வரிவரியாக எழுதி எடுத்தார்கள். ‘ம்ம்’, ‘இல்லையில்லை’, ‘இரு’ உட்பட. அந்தத் தாள்களுக்குப் பக்கத்தில் நிரலின் அச்சுத்தாளை வைத்து, எந்த அடியில் ஒத்துப்போகிறது, எந்த அடியில் பிரிகிறது என்று பார்த்தார்கள். 1957இல் தொடங்கிய அவர்களுடைய அடுத்த நிரலான ஜெனரல் பிராப்ளம் சால்வர் இந்த ஒப்பீட்டுக்காகவே வளர்ந்தது. இருக்கும் நிலைக்கும் வேண்டிய நிலைக்கும் என்ன வித்தியாசம், அதைக் குறைக்கக் கையில் என்ன கருவி என்று கேட்டுக்கேட்டு நகர்வது அதன் முறை. 1972இல் வந்த அவர்களுடைய ‘மனிதச் சிக்கல் தீர்வு’ என்ற 900 பக்கத்துக்கு மேற்பட்ட நூலில், ஒரே மாணவரின் ஒரே கணக்கைப் பக்கம் பக்கமாக அலசியிருக்கிறார்கள்.

அந்தக் கணக்கு இது. டொனால்ட், ஜெரால்ட் என்ற இரண்டு ஆங்கிலப் பெயர்கள், ஒன்றின் கீழ் ஒன்று. கூட்டினால் ராபர்ட். மூன்றும் ஆங்கிலத்தில் ஆறெழுத்து. ஒவ்வோர் எழுத்துக்கும் வேறு வேறு இலக்கம். டொனால்டின் முதலும் கடைசியுமான எழுத்து 5 என்று மட்டும் சொல்லிவிடுவார்கள். மீதி ஒன்பது எழுத்துகளுக்கு ஒன்பது இலக்கங்களைப் பொருத்த 3,62,880 வழிகள். பிரிட்டிஷ் மியூசியத்துக் குரங்குக்கு நல்ல தீனி.

பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் என் அக்கா மகனிடம் இதை எழுதிக் கொடுத்துவிட்டு, வாயை மூடாமல் போடச் சொன்னேன். “அஞ்சும் அஞ்சும் பத்து. சைபர், மீதி ஒண்ணு. அப்ப ராபர்ட்டோட கடைசி எழுத்து சைபர்” என்று வலது ஓரத்தை முடித்தான். முறைப்படி அடுத்து இடப்பக்கத்துப் பத்தியைத்தான் எடுக்க வேண்டும். எடுத்தான். “எல்லும் எல்லும், மீதி ஒண்ணு... ஒத்தைப்படையா வரும். வேற ஒண்ணும் தெரியலயே மாமா.” கொஞ்ச நேரம் சத்தமில்லை. பேசச் சொன்னேன். “இருங்க... இங்க பாருங்க, ஓ-வோட ஈ-யைக் கூட்டினா திரும்ப ஓ-வே வருது!” யாரும் சொல்லாமலே இரண்டு பத்தி தாண்டிப் போய்விட்டான். “அப்ப ஈ சைபர்.” சைபர்தான் போய்விட்டதே என்றேன். “ஆமால்ல... அப்ப ஒம்போது. வலப்பக்கத்துலருந்து ஒண்ணு மீதி வருது!”

சைமனும் நியூவெலும் தேடியது அந்தத் தாவலைத்தான். மூன்றரை லட்சம் வழிகளை அவன் தொடவே இல்லை. எங்கே பிடி இறுகுகிறதோ அங்கே கண் போகிறது. முதலில் தப்பாக ‘சைபர்’ என்று சொல்லித்தான் சரியான இடத்துக்கு வருகிறான். அறுபது ஆண்டுகளுக்கு முன் பிட்ஸ்பர்க் மாணவர்களிடமும் இதே மாதிரித் தாவல்களைத்தான் பதிந்து வைத்திருக்கிறார்கள். ‘இப்படியிருந்தால் இதைச் செய்’ என்ற சின்னச் சின்ன விதிகளின் கூட்டமாக அதை எழுத முடியும் என்று காட்டினார்கள். நியூவெல் அந்தச் சரட்டைக் கடைசிவரை விடவில்லை. எண்பதுகளில் ஜான் லேர்ட், பால் ரோசன்புளூம் என்ற தன் மாணவர்களோடு சேர்ந்து, மனத்தின் எல்லா வேலைக்கும் ஒரே கட்டுமானம் என்று ‘சோர்’ என்ற அமைப்பைக் கட்டினார்.

வெற்றி தலைக்கேறாமல் இல்லை. 1957 நவம்பரில் சைமன் ஒரு கூட்டத்தில் நான்கு ஆரூடங்கள் சொன்னார். பத்தாண்டுக்குள் கணினி உலகச் சதுரங்கச் சாம்பியனாகும், முக்கியமான புதுத் தேற்றம் ஒன்றைக் கண்டு நிரூபிக்கும், கேட்கத் தகுந்த இசை அமைக்கும், உளவியல் கொள்கைகளில் பெரும்பாலானவை நிரல் வடிவில் எழுதப்படும். 1967 வந்தது, போனது. அதற்குள் தத்துவப் பேராசிரியர் ஹியூபர்ட் டிரைஃபஸ் இந்த முயற்சியையெல்லாம் ரசவாதத்தோடு ஒப்பிட்டு ராண்ட் நிறுவனத்துக்கே ஓர் அறிக்கை எழுதிக் கொடுத்திருந்தார். சதுரங்க ஆரூடம் பலித்தது 1997 மேயில்தான். காஸ்பரோவைத் தோற்கடித்த டீப் புளூவின் வேர் சைமனின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்திலேயே இருந்தது. ஆனால் அது விநாடிக்கு 20 கோடி நிலைகளை அலசியது. மனிதனைப்போல் ஆடவில்லை; வாங்கின் வண்டியில் ஏறி வந்து வென்றது. மனித வீரர் எப்படி ஆடுகிறார் என்பதை சைமன் 1973இல் வில்லியம் சேஸோடு சேர்ந்து ஆராய்ந்திருந்தார். நிஜ ஆட்டத்தின் நிலையை ஐந்து விநாடி காட்டினால் தேர்ந்த வீரர் ஏறக்குறைய அப்படியே திருப்பி அடுக்குகிறார். காய்களைக் கண்டபடி கலைத்து வைத்துக் காட்டினால் அவரும் நம்மைப்போலத்தான். அவருக்கு இருப்பது பெரிய நினைவு அல்ல, பழகிய முகங்கள்.

நமக்கும் இங்கே ஒரு சொந்தம் உண்டு. கிண்டி பொறியியல் கல்லூரியில் 1958இல் பட்டம் பெற்ற ராஜ் ரெட்டி, 1969இல் கார்னகி மெலனுக்கு வந்து, பேச்சைப் புரிந்துகொள்ளும் பொறிகளில் இறங்கினார். 1975இல் நியூவெலும் சைமனும் பெற்ற டூரிங் விருதை 1994இல் அவர் பெற்றார். கூடப் பெற்றவர், கையேட்டை விடிய விடியப் படித்த ஃபைகன்பாம்.

பேச்சு என்றதும் அந்த ஜனவரி மாலை திரும்ப நினைவுக்கு வருகிறது. அட்டையில் எழுதியிருந்ததையெல்லாம் பொறி சில மாதத்தில் செய்துவிட்டது. அட்டையில் எழுதாததும் அங்கே நடந்தது. கடைக்குட்டி தன்னைக் கூப்பிடும் குரல் யாருடையது என்று கண்டுகொண்டது. அட்டையில் உள்ள எழுத்தைப் படித்தது. யாரிடம் கொடுக்க வேண்டுமோ அந்த முகத்தைப் பார்த்துக் கொடுத்தது. இதற்கெல்லாம் அட்டை எழுத வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. பேராசிரியர்கள் எது தங்களுக்குக் கடினமோ அதையே அறிவு என்று எடுத்துக்கொண்டார்கள். தர்க்கமும் சதுரங்கமும் முதலில் விழுந்தன. ஒன்பது வயதுக் குழந்தை யோசிக்காமல் செய்தது அரை நூற்றாண்டுக்கு மேல் பொறிக்கு வசப்படவில்லை. சைமன் கணிப்பின் பெரிய ஓட்டை இதுதான் என்பது என் எண்ணம். பஃபலோ நகரத்து ஆய்வகத்தில் அந்த ஓட்டைக்குள்ளேயே கையை விட்ட ஃபிராங்க் ரோசன்பிளாட்டையும், பார்க்கக் கற்றுக்கொண்ட அவருடைய பெர்செப்ட்ரானையும் அடுத்த வாரம் சந்திப்போம்.

அதற்குள் டொனால்ட் கணக்கை வீட்டில் யாரிடமாவது கொடுத்து, பேசிக்கொண்டே போடச் சொல்லி, சொல்வதை அப்படியே எழுதி வையுங்கள். முதல் பத்தி முடிந்ததும் கண் எங்கே தாவுகிறது என்று பாருங்கள். விடையை இப்போது படிக்க வேண்டாம் என்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்: 526485 + 197485 = 723970.

(தொடரும்)